திசையில்லாத சத்தம்

உங்கள் மகன் ஆர்மோனியம் படிக்கிறான் என்று ஏட்டையா சொன்னார். அவனுக்கு என்றைக்காவது ஒலிபெருக்கி வாங்குவதாக இருந்தால், ஐயா, தகரப் புனலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கடைக்காரர்கள் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். புனல் வெகுதூரம் கேட்கும் என்பது உண்மை. பிரசங்கத்துக்கும் ஏலம் கூவுவதற்கும் அது போதும். ஆர்மோனியத்தில் வலது கைப் பக்கத்துக் கட்டைகளையும் அது ஒழுங்காகவே சொல்லும். ஆனால் இடது கைப் பக்கத்துத் தடித்த சத்தம் புனலுக்குள் போனதும் இளைத்துப்போய், யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல வெளியே வரும். தடித்த சத்தத்துக்கு அகலமான காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் வேண்டும். அதைச் சுற்றிக் கனமான பலகையில் ஒரு பெட்டியும் வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் முன்னால் வருகிற சத்தத்தைப் பின்னால் போகிற சத்தம் தின்றுவிடும்.

ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள். ஆரம்பம் இதுதான். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

என் பெயர் அம்புரோஸ். திரேஸ்புரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோவில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். இந்த வருஷம் வேலை குறைவு. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது உங்களுக்குத் தெரியும். அடுத்தது தூத்துக்குடி ஹார்பர்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக்கிடந்தது. ஆழ்வார்திருநகரியிலும் அதற்கு மேற்கேயும் யாருக்கு யார் தெரிந்தவர்களோ அங்கே போய் ஒண்டிக்கொண்டார்கள். எல்லோரும் போன நேரத்தில் இங்கே வந்தவள் ஹில்டா ஒருத்திதான்.

ஹில்டாவின் புருஷன் பவுல் என் சிநேகிதன். கொழும்பு ஹார்பரில் சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை பார்த்தான். ஹில்டாவைப் பெண் கேட்கலாம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அதற்குள் பவுல் கேட்டுவிட்டான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் கல்யாணத்துக்கு மைக் செட் வைத்தது நான்தான்.

அந்த ஈஸ்டர் குண்டில் பவுல் இறந்துபோனான். ஹில்டா ஐந்து வயது மகள் பிலோமினாவைத் தூக்கிக்கொண்டு வந்து, பவுலின் பூர்வீக வீட்டில் இறங்கினாள். அந்த வீடும் என் கடையின் பின்கட்டும் ஒரே சுவர்.

கொழும்பில் நடந்ததை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். பூசையில் இருந்திருக்கிறாள். பாட்டு முடிந்திருக்கிறது.

"பாட்டு முடிஞ்ச பெறவும் ஆர்கன் பெட்டிச் சத்தம் நிக்கல அண்ணே. நான் திரும்பிப் பாத்தேன். வாசிக்கிறவரு கை ரெண்டும் மடியில இருக்கு. ஆனா சத்தம் வருது. அங்கன இருந்து வருதா, இங்கன இருந்து வருதா, ஒண்ணும் தெரியல. வயித்துக்குள்ள இருந்து வாரமாதிரி இருந்துச்சு."

பவுல் அவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குள் கூப்பிட்டிருக்கிறான். அவள் கேட்காமல் பிள்ளையோடு கடற்கரைக்கு ஓடிவிட்டாள். கட்டடம் விழுந்தது.

"கூரைக்குக் கீழ நின்னவுங்கதான் போனாங்க. கடலப் பாத்து ஓடுனவுங்க பொழைச்சோம்," என்றாள்.

இதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று முன்பு உங்களிடம் சொன்னது சரியல்ல.

அவள் வந்த புதிதில் ஒருநாள் காலையில் நம்முடைய விமானமே ஒன்று ஹார்பருக்கு மேலே பறந்து போனது. காவல் விமானம். ஹில்டா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் கடைக்குள் ஓடிவந்தாள். வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விமானம் போன பிறகும் விடவில்லை. நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் நெற்றி என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. நாற்பது வயதுவரை தனியாக இருந்த ஒருவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு விமானம் வரவில்லை. ஹில்டா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். கிணற்றடியில் மற்றப் பெண்களோடு நின்று பேசினாள். ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தாள். என் கடைப்பக்கம் வருவது நின்றுபோனது. அவளைப் பற்றி எனக்குக் கவலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். மாதா திருநாள் வருகிறது. விளக்கு ஏற்றக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதனால் பகலிலேயே திருநாள். ஜனங்கள் கோவிலுக்கு வெளியேதான் நிற்பார்கள். ஆர்கன் பெட்டியும் கிருபையின் டபுள் பேஸும் வெளியே கேட்க வேண்டும் என்றார். டபுள் பேஸ் என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும் பெரிய வயலின். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். கிருபை கொழும்பில் ஒரு ஓட்டல் பேண்டில் அதை வாசித்துவிட்டு ஊருக்கு வந்தவன். நல்ல மனுஷன். அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஐயா. அவனை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஆர்கன் பெட்டியில் காற்றுக்கு அதிர்கிற பித்தளை நாக்குகள் சில களிம்பேறியிருந்ததால் அதை என் கடைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மூடிப்போன ஒரு டாக்கி கொட்டகையிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை நான் மதுரைக்குப் போய் வாங்கி வந்தேன். கூம்பு அரிசி புடைக்கிற சுளகு அகலம் இருந்தது. தேக்குப் பலகையில் பெட்டி செய்து, பின்கட்டில் சுவரை ஒட்டி நிறுத்தினேன். இடம் அங்கேதான் இருந்தது.

ஆர்கனுக்கும் பேஸுக்கும் நடுவே மைக்கை நிறுத்தி, முதலில் புனலைப் போட்டுப் பார்த்தோம். கிருபை வில்லை இழுத்தான். "பூனை கத்துத மாதிரி இருக்கு," என்றான். பிறகு சின்னக் கூம்பு. தடித்த நரம்பைத் தொட்டதும் அது கிழிந்த சாக்கைப்போலப் படபடத்தது. கடைசியாகப் பெரிய பெட்டி. நான் ஆர்கனில் இடதுகோடிக் கட்டையை அமுக்கிக் காலால் மிதித்தேன். கிருபை அடி நரம்பை மெதுவாக இழுத்தான். சத்தம் காதுக்கு வரவில்லை. தரைக்குள் வந்தது. அலமாரியில் இருந்த கண்ணாடி ரேடியோ வால்வுகள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது.

இந்த முதல் தடவை நான் அறியாமல் நடந்தது. அதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும். நான் உடனே கையை எடுத்துவிட்டு ஓடினேன். கதவைத் தட்டியதும் ஹில்டா திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஹில்டா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளேன் போயிட்டா அண்ணே?"

என் ஸ்பீக்கர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கையை விட்டுவிடுவாள்.

"போயிட்டு," என்றேன்.

அதன் பிறகு நான் கொஞ்சம் சோதனை செய்ய வேண்டியிருந்தது. ஒரு கட்டையை மட்டும் அமுக்கினால் அது கோவில். அதற்குப் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் அது விமானம். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். இரண்டு எஞ்சின் வைத்த விமானம் அப்படித்தான் கேட்கும். ஆம்ப்ளிஃபயரின் திருகைப் பூ மாதிரி மெல்லத் திறந்தால் தூரத்தில் வரும். இன்னும் திறந்தால் கூரைக்கு மேல் நிற்கும். புனலாக இருந்தால் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். தடித்த சத்தத்துக்குத் திசை கிடையாது, ஐயா. காது தேடும், கிடைக்காது. அதனால்தான் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். திருநாளுக்கு அதைவிடச் சின்னதே போதுமாக இருந்திருக்கும்.

மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போன பிறகு, மிச்சமிருந்தவர்கள் காலைப் பூசைக்குப் போன நேரம் பார்த்து வாசிப்பேன். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். அளவாகத்தான். முடிந்ததும் போய்க் கதவைத் தட்டுவேன். நான் போனதும் சத்தம் நின்றிருக்கும். கொஞ்ச நாளில் ஹில்டாவே சொன்னாள்:

"நீங்க வந்தா அது போயிருது அண்ணே. என்னன்னே தெரியல."

'அண்ணே' என்பதை மட்டும் அவள் விடவில்லை. அதற்கு அவசரமில்லை என்று நினைத்தேன்.

ஊரில் யாரும் அவளை நம்பவில்லை. ஹார்பரில் காவல் பார்க்கிறவர்களிடம் போய்க் கேட்டாள். விமானம் எதுவும் வரவில்லை என்றார்கள். கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். "பவுல் போன பெறவு அவளுக்குப் புத்தி பேதலிச்சிட்டு," என்று என் கடை வாசலில் நின்றே ஒருவர் சொன்னார். "நானும் கேட்டேனே," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஊரில் அவளை நம்பியவன் நான் ஒருவன்தான். அவளும் அதை அறிந்திருந்தாள்.

அவள் மெலிந்துபோனாள். ஆட்டுக்கல்லில் மாவரைப்பதை நிறுத்திவிட்டாள். கல் சுற்றுகிற சத்தம் அதைப்போலவே இருக்கிறதாம். வீட்டில் வளர்ந்த பூனையைச் சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவிட்டு வரும்படி என்னிடம் சொன்னாள். அது மடியில் படுத்து உறுமுவதைக் கேட்க முடியவில்லையாம். பிள்ளை வாய்க்குள் ஏதாவது முனகினால் அதன் வாயைப் பொத்துவாள். நான் சில நாள் ஒன்றும் வாசிக்காமலேயே போவேன். அப்போதும் இருவரும் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தார்கள். "இப்ப வரப்போவுது, இப்ப வரப்போவுது," என்று அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பிலோமினா ஒருநாள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அது வாரப்போ செவுரு நடுங்குது. மத்தச் செவுரு நடுங்கல. இது மட்டும் நடுங்குது."

"பிளேன் அந்தப் பக்கமா வருது, அதான்," என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தபடியே இருந்தது. அன்றைக்கு நான் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் எனக்குப் பயம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

கிருபைக்கும் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "ஏலே அம்புரோசு, பெட்டிய ஏன் செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சிருக்க? யாருக்குலே வாசிக்கோம்?" என்று ஒருநாள் கேட்டான். சுவரில் மோதித் திரும்பினால் சத்தம் உருண்டு வரும் என்று சொன்னேன். சங்கீதக்காரர்கள் அப்படிச் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

பிறகு கன்னியாஸ்திரி மடத்திலிருந்து ஹில்டாவுக்கு ஒரு வேலை வந்தது. பாளையங்கோட்டையில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். தங்கவும் இடம், பிள்ளைக்கும் படிப்பு. ஹில்டா கடைக்கே வந்து சொன்னாள். அவள் கடைக்கு வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"அங்கன கடலும் இல்ல, ஹார்பரும் இல்ல. பிளேன் அங்கன வராதுன்னு சிஸ்டர் சொல்லுதாங்க. நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் அண்ணே. உங்கள மறக்க மாட்டேன். நாளைக்கு ரயிலுக்கு இந்த டிரங்குப் பெட்டிய மட்டும் தூக்கிவிடணும்."

"அதுக்கென்ன," என்றேன்.

அன்று மாலையே போய் டிரங்குப் பெட்டியை வாசல்படி அருகே தூக்கி வைத்தும் கொடுத்தேன். கனம் ஒன்றும் இல்லை. வீட்டைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள். பிலோமினாவுக்குப் புதுக் கவுன் தைத்து முடித்திருந்தாள். திரும்பி வரும்போது, இவள் பாளையங்கோட்டையில் நன்றாகத் தூங்குவாள் என்று தோன்றியது. யாரையும் கூப்பிட வேண்டிய தேவை இல்லாமல் தூங்குவாள்.

மறுநாள் காலைப் பூசை நேரத்துக்குக் கிருபையை வரச் சொன்னேன். திருநாளுக்கு முன்னால் கடைசியாக ஒருதடவை பார்த்துவிடலாம் என்றேன். ஒரு தடவை, ஒரே தடவை பலமாகக் கேட்டால் அவள் பயணத்தைத் தள்ளிப்போடுவாள் என்பதுதான் என் எண்ணம். பாளையங்கோட்டைக்குப் போகிற ரயிலின் மேலும் குண்டு விழலாம் இல்லையா என்று சொல்லிப் பார்க்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அதை யோசிப்பாள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கச்சான் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. பாய் இல்லாமலே ஒரு வள்ளத்தை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். அன்றைக்குத் தொழிலுக்குப் போகவேண்டாம் என்று சிலர் சின்ன வள்ளங்களைக் கரையிலேயே போட்டிருந்தார்கள்.

கிருபை வில்லை இழுத்தான். நான் இரண்டு கட்டைகளையும் அமுக்கித் திருகை முழுக்கத் திறந்தேன். அதுவரை முழுக்கத் திறந்ததில்லை. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டு ஆட்டுவதுபோல எனக்கே இருந்தது. கட்டில் இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கதவு திறக்கும் சத்தம் வந்தது.

கடைப் பின்கட்டு ஜன்னலிலிருந்து தெருவும் கரையும் தெரியும். ஹில்டா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். பயணத்துக்கு உடுத்திய சேலை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு என் கடைக் கதவைப் பார்த்தாள். நான் வருகிறேனா என்று பார்த்தாள். நான் வந்தால் அது போய்விடும் அல்லவா. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினாள்.

கிருபை ஜன்னலைப் பார்த்துவிட்டான். வில் கீழே விழுந்தது.

"ஏலே, நிறுத்து. நிறுத்துலே. ஹில்டா நம்ம சத்தத்துக்குத்தாம்லே ஓடுதா. வள்ளத்தத் தள்ளுதா பாரு."

நான் நிறுத்தவில்லை.

கிருபை கத்திக்கொண்டே கரைக்கு ஓடினான். பேஸ் இல்லாவிட்டாலும் ஆர்கன் போதுமானதாக இருந்தது. அந்த ஸ்பீக்கர் அவ்வளவு நல்ல ஸ்பீக்கர். ஆர்கன் பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிப்பதை விட்டால் தானாக அடங்கிவிடும். கை மறந்துபோய்க் கட்டையிலேயே இருந்துவிட்டது என்று ஒருவன் சொல்லலாம். கால் மறந்துபோய் மிதிக்காது. அதனால்தான், பயத்தில் கை விறைத்துவிட்டது என்று நான் முதலில் சொன்னதைத் திருத்தச் சொல்கிறேன்.

அவள் பிள்ளையை வள்ளத்தில் போட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினாள். பிறகு தானும் ஏறிக்கொண்டாள். துடுப்பு எடுக்கவில்லை. காற்று வள்ளத்தைத் திருப்பியது. ஒரு கணம் அவள் முகம் கரையைப் பார்த்தபடி இருந்தது. அந்தக் கணத்தில் சத்தம் நின்றிருந்தால் அவள் குதித்து நடந்து வந்திருப்பாள். அங்கே இன்னும் கழுத்தளவு ஆழம்கூட இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு, ரயிலுக்குப் போவாள் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன்.

கிருபை கரையை எட்டுவதற்குள் காற்று வள்ளத்தை ஆழத்துக்கு இழுத்துப் போயிருந்தது. வள்ளம் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிகிறவரை வாசித்தேன். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்துத் துணியால் மூடி வைத்தேன். வால்வு சூடாக இருக்கும்போது தூசி விழுந்தால் கெட்டுவிடும்.

கடலுக்குள் இருக்கிற வான்தீவின் கரையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்த வள்ளத்தில் பிலோமினாவை உயிரோடு கண்டெடுத்தார்கள். ஹில்டா சேலைத் தலைப்பால் பிள்ளையை வள்ளத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாளாம். அவள் அதில் இல்லை. பிறகு கரை ஒதுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள். அடையாளம் சொன்னது நான்தான்.

ஜப்பான் பயத்தில் புத்தி பேதலித்துக் கடலில் விழுந்தாள் என்று எழுதி முடித்துவிடலாம் என்று நேற்று உங்களுக்கு மேலே உள்ளவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்படி எழுத வேண்டாம். அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது. அவள் கேட்டது எல்லாம் உண்மையாகவே கேட்டது. அதை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அவளைக் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன்.

இனி ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பிலோமினா இப்போது மடத்தில் இருக்கிறாளாம். கோவிலில் ஆர்கன் தொடங்கினால் வீறிட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறாளாம். கப்பல் சங்கு ஊதினால் யார் மடியிலாவது முகத்தைப் புதைத்துக்கொள்கிறாளாம். சிஸ்டர்மாருக்கு அந்தப் பிள்ளையின் பயம் புரியாது. எனக்குப் புரியும். வேறு யாரைவிடவும் எனக்குத்தான் புரியும். தண்டனை எவ்வளவு வருஷமானாலும் அது முடிந்த பிறகு அவளை என் பொறுப்பில் விடச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அவளுடைய பயத்தைத் தெளியவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.